சிவப்பு இல்லாத கார்டினால்

கார்டினால், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையில் போப்புக்கு அடுத்த நிலையில் இருப்பவர், என்றாலே சிவப்பு அங்கிதான் நினைவுக்கு வரும். வண்ணம் தீட்டுகிறவருக்கு அது பெரிய வசதி, தூரத்திலிருந்தே ஆள் யாரென்று தெரிந்துவிடும். செப்புத் தகட்டில் செதுக்குகிறவருக்குக் கறுப்பு மை மட்டும்தான். அவர் ஒருவரின் அந்தஸ்தை எப்படிக் காட்டுவார்?

நூரம்பெர்க் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1519இல் செதுக்கிய, கார்டினால் பிராண்டன்பர்க் ஆல்பிரெக்ட்டின் உருவப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 15 செ.மீ. உயரம்கூட இல்லாத தாள். முகத்தில் கம்பீரம் என்று எதுவும் இல்லை. சதைபோட்ட கன்னம், கனத்த இமை. வயது 29 என்று எழுதியிருக்கிறது, நம்ப முடியவில்லை.

அந்தஸ்து முழுக்க முகத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. இடது மேல்மூலையில் குலச்சின்னம். வலப்பக்கம் லத்தீனில் ஒரு குட்டி மெய்க்கீர்த்தி: ரோமத் திருச்சபையின் கார்டினால், மைன்ட்ஸுக்கும் மாக்டபர்குக்கும் பேராயர், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் ஒருவர், ஹால்பர்ஷ்டாட் நிர்வாகி... இடம் போதாமல் சொற்களைச் சுருக்கிச் சுருக்கிப் போட்டிருக்கிறார். இத்தனை எழுத்தையும் தகட்டில் இடவலமாகத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். அந்த உழைப்பை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

கீழே ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்திலிருந்து ஒரு வரி. மூலத்தில் 'கண்கள், கைகள், முகம் இப்படித்தான் இருந்தன' என்று வரும். இங்கே கைகளை எடுத்துவிட்டுக் 'கன்னங்கள்' என்று மாற்றியிருக்கிறார்கள். படத்தில் கை இல்லையே!

இப்படி அழகில்லாமல் செதுக்கியதால் டியூரர் அவரை மட்டம் தட்டிவிட்டார் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகம் உள்ளபடி இருப்பதால்தான் பக்கத்தில் உள்ள பட்டங்களும் உண்மை என்று நம்பத் தோன்றுகிறது. கார்டினாலுக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. தகட்டையும் 200 பிரதிகளையும் பெற்றுக்கொண்டு 200 பொற்காசும், மேலங்கிக்கு டமாஸ்க் பட்டும் கொடுத்தார். தகடு அவர் கையில் இருந்ததால், தன் முகம் யாரிடம் போக வேண்டும் என்பதும் அவர் முடிவுதான். அடுத்த ஆண்டே ஹாலே நகரில் இருந்த புனிதர்களின் திருப்பண்டங்களுக்கான பட்டியல் நூலில் அதே படம் வந்தது.

1523இல் மறுபடி ஒரு தகடு, இந்த முறை 500 பிரதிகள். ரோமானிய நாணயத்துச் சீசர்களைப் போலப் பக்கவாட்டு முகம். தாடை இன்னும் தடித்திருக்கிறது.

திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் 1517இல் தன் ஆட்சேபங்களை எழுதி அனுப்பியது இந்தப் பேராயருக்குத்தான். அந்த லூத்தரைக் காப்பாற்றிய சாக்சனி ஆட்சியாளர் பிரெட்ரிக்கையும் டியூரர் 1524இல் செதுக்கினார். அதிலும் குலச்சின்னம் உண்டு, பட்டங்கள் உண்டு. ஆனால் படத்தின் கீழே கல்வெட்டுப் போல உள்ள வாசகம், 'மிகுந்த பக்தியோடு தேவ வார்த்தையை ஆதரித்தவர்' என்கிறது.