லேப்டாப் கடையில் ‘மழை’ என்று அடித்துப் பாருங்கள்

“எழுதுறதுக்கு நல்ல லேப்டாப் ஒண்ணு சொல்லுங்க” என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், ஐ5ஆ ஐ7ஆ, ரேம் 16 ஜிபி இருக்கட்டும், கிராபிக்ஸ் கார்டு போடுங்க, ஓலெட் ஸ்கிரீன் பாருங்க என்று வரிசையாக வந்து விழும். கேட்டவர் சிறுகதை எழுதுகிறவராக இருப்பார். அவருக்கு வேர்டு திறக்க வேண்டும், பிரௌசரில் நாலைந்து டேப் ஓட வேண்டும், நடுவில் இளையராஜா பாட வேண்டும். இன்றைக்குக் கடையில் இருக்கும் சுமாரான மெஷின்கூட இதையெல்லாம் செய்துவிடும். ஆனால் அவர் விரல் நாள் முழுக்கக் கிடக்கப்போவது கீபோர்டில். அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

யூடியூப் விமர்சனங்களில் கீபோர்டு பற்றி ஒரு வரி வரும். “டைப்பிங் எக்ஸ்பீரியன்ஸ் நல்லாவே இருக்கு.” சரி, என்ன அடித்துப் பார்த்தார்? ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம். தமிழில் எழுதுகிறவருக்கு அந்தச் சான்றிதழ் பாதிக்குமேல் உதவாது என்பது என் கட்சி.

நான் தமிழ்99இல் எழுதுகிறவன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, வ, ங தவிர மெய்கள் எல்லாம் வலது கைக்கு. இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்வதால் அலுப்பு தெரியாது. ஆனால் வலது கைச் சுண்டுவிரலின் பாட்டைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அந்த விரலுக்கு ‘பி’ என்று ஒரே ஓர் எழுத்து, மற்றதெல்லாம் எப்போதாவது வரும் குறிகள். தமிழ்99இல் அதே விரலுக்கு ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்து. செமிகோலன் இருக்கும் இடத்தில் ந. மேற்கோள் குறியில் ய. சதுர அடைப்புக்குறிகள் இரண்டில் ஒன்று ச, இன்னொன்று ஞ. சாய்கோட்டில் (/) ழ. ‘ச’வும் ‘ய’வும் இல்லாமல் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், முடியாது.

லேப்டாப் செய்கிறவர்கள் இடம் போதாவிட்டால் முதலில் கை வைப்பது சரியாக இந்த வலது ஓரத்தில்தான். சாதாரணமாக ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவரை 19 மில்லிமீட்டர் இருக்கும். சின்ன உடம்பு மெஷின்கள் சிலவற்றில் நடு எழுத்துகளுக்கு அந்த அளவைக் கொடுத்துவிட்டு, எண்டர் பக்கத்துக் கீகளை ஒல்லியாக்கிவிடுவார்கள். ஆங்கில விமர்சகர் சதுர அடைப்புக்குறியை மாதத்துக்கு ஒருமுறை அடிப்பாரோ என்னவோ, அவருக்கு அது உறைக்காது. நமக்கு ஒவ்வொரு ‘ச’வுக்கும் விரல் தடுமாறி எண்டரில் போய் விழும்.

இதைவிட மோசம், வலது ஷிஃப்டைக் குட்டையாக்கி, மேல் அம்புக்குறியைக் கொண்டுவந்து சாய்கோட்டுக்குப் பக்கத்தில் செருகுவது. ‘மழை’ என்று அடிக்கப் போவீர்கள். ‘ம’ விழும், கர்சர் மேல் வரிக்குத் தாவும், ‘ஐ’ போய் வேறு ஏதோ ஒரு சொல்லின் நடுவில் உட்காரும். அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம்.

பாமினி என்ற பழைய விசைமுறையில் எழுதுகிறவர்களுக்கும் இதில் தப்பிப்பு இல்லை. ஈழத்து நண்பர்கள் பலர் இன்னமும் பாமினியில்தான் வேகம். அதில் புள்ளி வைப்பதே செமிகோலன் கீதான். ‘அம்மா’ என்று அடிக்கவே அது வேண்டும். தமிழில் புள்ளி இல்லாத வரி ஏது? ஒலிபெயர்ப்பில், அதாவது ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்கி எழுதுகிறவர்களுக்கு வேறு தலைவலி. அதில் ஒன்றான அஞ்சல் முறையில் ண, ள, ற வேண்டுமென்றால் ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். லண்டனில் வாங்கினால் அங்கத்துக் கீபோர்டில் இடது ஷிஃப்டைப் பாதியாக வெட்டி அங்கே இன்னொரு கீயைச் சொருகியிருப்பார்கள். ஊரிலிருந்து வாங்கிவரச் சொல்லும் லண்டன்காரர்களை இனிமேல் கிண்டல் செய்யாதீர்கள்.

அப்புறம் இரட்டிப்பு. கீ ஒருமுறை தட்டினால் இருமுறை பதிவாகும் நோய் இருக்கிறதே, அது ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு வெறும் தொல்லை. சிவப்புக் கோடு போட்டு மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்99இல் ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். அருமையான வசதி, ‘பக்கம்’ எழுத ‘க’வுக்கு நடுவே புள்ளியைத் தேடிப் போக வேண்டாம். ஆனால் ‘ட’ கீ கெட்டுப்போனால் ‘படம்’ ‘பட்டம்’ ஆகிவிடும், ‘பாடு’ ‘பாட்டு’ ஆகிவிடும், ‘ஓடு’ ‘ஓட்டு’ ஆகிவிடும். எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள், பிழைதிருத்தி என்ன செய்யும்? ஒலிபெயர்ப்பில் உயிர் இரட்டித்தால் ‘படம்’ ‘பாடம்’. என் பழைய மெஷினில் ‘ட’ இப்படி ஆட்டம் காட்டிய சமயத்தில் ஒரு விழாக் கட்டுரை அனுப்பினேன். மின்னிதழ் ஆசிரியர் போனில் கூப்பிட்டு, “என்ன சார், விழா முடிஞ்சதும் எல்லாரும் மேடையிலேயே பட்டம் எடுத்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்கீங்க, அவ்வளவு சுலபமாவா குடுத்தாங்க?” என்றார்.

விலை கொடுத்தால் இந்த நோய் வராது என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் 2015இல் 12 அங்குல மேக்புக்கில் ‘பட்டர்ஃபிளை’ என்று ஒரு கீபோர்டைக் கொண்டுவந்தது. உடம்பை மெலிதாக்கும் ஆசை. அடுத்த வருடம் மேக்புக் ப்ரோவிலும் வந்தது. கீ இறங்கும் ஆழம் அரை மில்லிமீட்டர்போலத்தான். உள்ளே ஒரு தூசி போனால் கீ மாட்டிக்கொள்ளும் அல்லது இரண்டாக அடிக்கும். 2018இல் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று அறிவிக்க வேண்டி வந்தது, 2019 நவம்பரில் 16 அங்குல ப்ரோவில், கீக்கு அடியில் கத்தரிக்கோல்போல் விரியும் பழைய அமைப்புக்கே திரும்பினார்கள், 2022இல் அமெரிக்க வழக்கில் 5 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். இப்போதைய மேக்புக் கீபோர்டுகள் நன்றாகவே இருக்கின்றன. தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே உண்டு. செகண்ட் ஹேண்டில் ‘சூப்பர் கண்டிஷன்’ என்று 2016 முதல் 2019 வரையிலான ப்ரோ (அந்த 16 அங்குலம் நீங்கலாக) வந்தால் மட்டும், எழுதுகிறவர்கள் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆழம் பற்றி ஒரு வார்த்தை. மேசைக் கணினியின் மெக்கானிக்கல் கீ 4 மில்லிமீட்டர்வரை இறங்கும். லேப்டாப்பில் இப்போது 1 முதல் 1.5 கிடைத்தால் பெரிது. திங்க்பேட் பிரியர்கள் புலம்புவது இதனால்தான். 1992இல் ஐபிஎம் தொடங்கி, 2005இல் லெனோவோ கைக்குப் போன அந்த வரிசையில் 2012 வாக்கில் ஏழு வரிசைக் கீபோர்டு ஆறு வரிசை ஆனது. ஆழமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அண்மைய மாடல்களில் 1.5க்கு வந்துவிட்டது. ஆனாலும் கீயின் மேல்புறம் லேசாகக் குழிந்து விரலை ஏந்திக்கொள்வதில் அதற்கு நிகராக நான் வேறொன்றைப் பார்க்கவில்லை. இடது மூலையில் கண்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் இருக்கும் மாடல்கள் உண்டு. மெஷின் கிளம்பும்போதே திறக்கும் செட்டிங்ஸான பயோஸில் மாற்றிக்கொள்ளலாம், திட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

எண் பட்டை (நம்பர் பேட்) விஷயத்தில் எனக்கு ஈவு இரக்கம் கிடையாது. நம் ஊரில் 15.6 அங்குல மெஷின் என்றாலே வலது பக்கம் எண் பட்டையும் சேர்ந்தே வரும். ஜிஎஸ்டி கணக்குப் போடுகிறவருக்கு அது வரம். எழுதுகிறவருக்கு? எழுத்துகள் மொத்தமும் இடது பக்கம் தள்ளப்பட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தால் கை கோணலாகும், கைக்கு நேராக உட்கார்ந்தால் கழுத்து கோணலாகும். எண் பட்டைக்கு இடம் விடுவதற்காக எண்டரும் ஷிஃப்டும் இளைத்துப்போவது தனி. 14 அங்குலம் போதும்.

கடைக்குப் போகும்போது டெமோ மெஷினில் தமிழ் இருக்காதே என்று கவலைப்பட வேண்டாம். விண்டோஸ் 11இல் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, ஆனால் கடைப் பையன் அதைச் சேர்க்க விடுவானா தெரியாது. நோட்பேடைத் திறந்து, தமிழில் அடிப்பதாகவே நினைத்துக்கொண்டு அடியுங்கள். ‘நஞ்சை நிலத்துக்காரர் ஐப்பசி மழையை எண்ணியே யோசனை செய்தார்.’ இந்த ஒரு வரியில் சுண்டுவிரலுக்கு முழுப் பரீட்சையும் இருக்கிறது. திரையில் என்னவோ கிறுக்கலாக வரும், வரட்டும். விரல் தடுக்குகிறதா என்பதுதான் கேள்வி. ‘க’ இருக்கும் எச் கீயைக் கொஞ்சம் அழுத்தமாகத் தட்டுங்கள். கீபோர்டின் நட்ட நடு அது. பலகையே அமுங்கினால் வேண்டாம். மணிக்கட்டை ஓரத்தில் வைத்துப் பாருங்கள், விளிம்பு கத்திபோல அறுக்கும் மெஷின்கள் இருக்கின்றன. பவர் பட்டன் டெலிட்டுக்கு அருகில் இருந்தால் பயப்பட வேண்டாம், அதைத் தட்டினால் ஒன்றும் நடக்காதபடி செட்டிங்ஸில் மாற்றலாம்.

உலோக உடம்பு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இரண்டு பின் சார்ஜரில் போட்டுக்கொண்டே எழுதினால் உள்ளங்கையில் விர்ரென்று ஓர் உணர்வு வரும். மெஷின் பழுது என்று கடைக்கு ஓடுகிறார்கள். பெரும்பாலும் எர்த் இல்லாததுதான் காரணம். மூன்று பின் சார்ஜரை எர்த் ஒழுங்காக இருக்கும் பிளக்கில் போட்டால் நின்றுவிடும்.

பட்ஜெட் குறைவு என்றால் புது மெஷின் தேடாதீர்கள். சென்னை ரிச்சி தெருவில் ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட், டெல் லேட்டிட்யூட் ரகங்கள் குவிந்து கிடக்கின்றன. 2018இல் வந்த திங்க்பேட் டி480 கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். கீபோர்டு மட்டும் தனியாகக் கழன்று வரும், புதிதாக ஒன்று வாங்கி நாமே மாட்டிவிடலாம். 8ஆம் தலைமுறை ப்ராசசர்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதே மாடலில் 7ஆம் தலைமுறையும் உண்டு, அதற்கு விண்டோஸ் 11 முறையாக வராது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவோ 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

புதிது வாங்குகிறவர்கள் பில் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கீபோர்டு போனால் மாற்ற எவ்வளவு? இப்போது பல மெஷின்களில் கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்தே ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு ‘ட’ கெட்டதற்கு மேல்பாகம் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். கடைக்காரர் தலையைச் சொறிந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு விலை கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.