பினாங்கில் குடிநீராக வருவது கழிவுநீரா?

ஜெலுத்தோங் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் நீரே பினாங்குத் தீவின் வீட்டுக் குழாய்களில் வருகிறது என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பரவும் செய்தி உண்மையன்று. கழிவுநீர்க் குழாய்களும் குடிநீர்க் குழாய்களும் முற்றிலும் வேறானவை. ஜெலுத்தோங்கில் நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மையாக்கப்படும் நீர் கடலில்தான் விடப்படுகிறது.

பினாங்கு மாநிலத்தின் மூலநீரில் (சுத்திகரிக்கப்படாத நீரில்) ஏறத்தாழ 80 விழுக்காடு, அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காடுகளில் ஊற்றெடுக்கும் மூடா ஆற்றிலிருந்து லஹார் தியாங்கில் எடுக்கப்பட்டு, சுங்கை டுவா நிலையத்தில் படிவித்தும் வடிகட்டியும் கிருமி நீக்கியும் குடிநீராக்கப்படுகிறது; அதில் ஒரு பகுதி கடலடிக் குழாய்கள் வழியே தீவை அடைகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளும் தீவுக்கு நீர் தருகின்றன. வதந்தியை நம்பிப் போத்தல் நீருக்குச் செலவழிக்கும் குடும்பங்களைக் காண வருத்தமாயிருக்கிறது. நாம் உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த ஒரே ஆற்றை இத்தனை பெரிதும் சார்ந்திருப்பதைப் பற்றியே.