பத்து நிமிஷ வேலைதானே என்று ஆளை இறக்காதீர்கள்

போன மாதம் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரி வந்து, ஓஸைப் போட்டு முக்கால்வாசி உறிஞ்சியதும் மோட்டார் சத்தம் மாறியது. லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “அடியில கெட்டிப்பட்டுப் போச்சு சார். தம்பி இறங்கிக் கிளறி விட்டா பத்து நிமிஷம்தான், ஐந்நூறு சேர்த்துக் கொடுங்க” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தத் தம்பி சட்டையைக் கழற்றி, மடித்து, காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டான். இருபது வயதுகூட இருக்காது.

வேண்டாம் என்றேன். சித்தப்பாவுக்குக் கோபம். “அவனே இறங்குறேங்கிறான், உனக்கென்னடா?”

வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். ஐந்நூறு ரூபாய் தேவைப்படுகிறவன் சரி என்றுதான் சொல்வான், அதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடையே தெரியாது, அப்புறம் மயக்கம்தான். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் அதனால்தான் சாகிறார். ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இப்படித்தான். இந்த வேலைக்கு எந்தச் சாதிக்காரர்களின் பிள்ளைகள் அனுப்பப்படுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். நேரடியாக இல்லாமல் இன்னொருவர் மூலம் வேலை வாங்கினாலும் குற்றம்தான், அதனால் ‘லாரிக்காரர் கூட்டி வந்த ஆள்’ என்று நாம் ஒதுங்க முடியாது. முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் பணம் கொடுத்து முடிகிற விஷயமா இது?

எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்திருந்தால் அடியில் கெட்டிப்பட்டே இருக்காது. நாங்கள் ஒன்பது வருடம் திறக்கவே இல்லை. போர்டிகோ அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு மூடி மேல் டைல்ஸையும் ஒட்டியிருந்தோம். அந்தப் பையனைக் குழிக்குள் இறக்கும் ஏற்பாட்டை நாங்கள் அன்றைக்கே செய்து வைத்திருக்கிறோம்.

கடைசியில் டைல்ஸை உடைத்து அந்த மூடியையும் திறந்தோம். மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சி, நீளக் கழியால் கலக்கிக் கலக்கி உறிஞ்ச இரண்டரை மணி நேரம் ஆனது, கூலியும் கூடத்தான் கொடுத்தோம். அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, இருக்கட்டும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் மூடி எங்கே வரும் என்று மேஸ்திரியிடம் இப்போதே கேளுங்கள், அதன் மேல் எதையும் ஒட்ட விடாதீர்கள்.