முப்பது வருடம் வாதாடியவருக்கு வகுப்பு எதற்கு என்று கேட்டவருக்கு

வக்கீல் சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். குடும்ப நீதிமன்ற வக்கீல்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி வகுப்பு வைக்கலாம் என்று நாங்கள் சிலர் தீர்மானம் கொண்டுபோனோம். "முப்பது வருஷமா கோர்ட்டுக்கு வர்றவனுக்கே பாடம் எடுக்கப் போறீங்களா?" என்றார் ஒரு சீனியர். கைதட்டினார்கள். தீர்மானம் ஓட்டெடுப்புக்கே போகவில்லை.

ஆமாம், அவருக்கும்தான் வகுப்பு வேண்டும். எனக்கும் வேண்டும். அவர் கறுப்புக் கோட்டுப் போட்ட நாளில் இருந்த சட்டம் இன்று அப்படியே இல்லை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு இருந்த பழைய 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவு. சரி, எண்ணைத் திருத்திக்கொள்வது பெரிய காரியமில்லை. ஆனால் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அப்படியா? கணவன், மனைவி இருவருமே சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். விவசாயக் குடும்பத்துக்குத் தனிப் படிவமே தீர்ப்போடு இணைத்திருக்கிறார்கள். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

இது வந்த பிறகும், போன வருடம் ஒரு பெண் என்னிடம் கேஸ் கட்டோடு வந்தார். கணவர் தரப்பு எதிர்மனுவில் 'வருமானம் ஏதுமில்லை' என்று ஒரே வரி. அந்த வரியை வைத்துக்கொண்டே வாய்தா மேல் வாய்தா. வக்கீல் ஃபீஸுக்குக் காதுத் தோட்டை விற்றிருந்தார் அந்தப் பெண். அவர் தரப்பில் முன்பிருந்த வக்கீல் ஒருமுறைகூடப் பிரமாணப் பத்திரம் கேட்கவில்லை. நாங்கள் கேட்டு வாங்கியதும், மாதாமாதம் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு வெளியே வந்தது. முன்பிருந்தவர் கெட்டவர் இல்லை, வேண்டுமென்று இழுத்தடித்தவரும் இல்லை. அவருக்கு அந்தத் தீர்ப்பு தெரியாது, அவ்வளவுதான். அதற்கான விலையைக் கொடுத்தது அந்தப் பெண்.

"தீர்ப்பெல்லாம் போனிலேயே வருதே, படிச்சுக்க மாட்டோமா?" என்பீர்கள். போனில் வருவது உண்மை. படிக்கிறோமா? பரஸ்பர சம்மத விவாகரத்தில் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று அமர்தீப் சிங் வழக்கில் 2017இலேயே சொல்லியாயிற்று. ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்து வாழ்ந்து, ஜீவனாம்சம், குழந்தை பொறுப்பு எல்லாம் பேசி முடித்தவர்களிடம்கூட "ஆறு மாசம் கட்டாயம்மா" என்று சொல்லி அனுப்புகிற குரலை இன்றும் குடும்ப நீதிமன்ற வராந்தாவில் கேட்கிறேன்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நாள் வருமானம் போகும் என்பது நியாயம். அதனால்தான் சனிக்கிழமை அரை நாள், கட்டணமில்லாமல் என்று எழுதியிருந்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்கிறீர்களா? ஓடுகிறவர் ஓடட்டும், உட்காருகிறவருக்காக நடத்துவோம். மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே எழுதினார்கள். நீதிபதிகள் ஜுடிஷியல் அகாடமிக்குப் போய் உட்காருகிறார்கள். அவர்களுக்கெல்லாம் குறையாத மரியாதை நமக்கு மட்டும் குறைந்துவிடுமா? நாம் வக்கீல் தொழில் செய்வதற்கான பார் தேர்வை ஒரு தடவை எழுதினால், அதுவும் 2009-10 கல்வியாண்டு முதல் படிப்பை முடித்து வந்தவர்கள் மட்டும், வாழ்நாள் முழுக்க வேறு எந்தக் கேள்வியும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, "குடும்பக் கோர்ட் பஞ்சாயத்துக்கு இவ்வளவு படிப்பா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். வகுப்பு வேண்டாம் என்றதைவிட அதுதான் வலித்தது. ஜூனியர் பெண்களைக் குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டு, பெரிய வழக்குகளைத் தங்களிடம் வைத்துக்கொள்ளும் சேம்பர்களில்தான் நாங்கள் வளர்ந்தோம். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின்படி அந்த நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமைகூடக் கிடையாது. நீதிபதி அனுமதித்தால்தான் நாம் உள்ளே போகிறோம். அனுமதி வாங்கி உள்ளே போய், அம்மாவா அப்பாவா என்று கேட்டால் அழுகிற ஏழு வயதுக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது? எந்தச் சட்டக் கல்லூரி நமக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது? பஞ்சாயத்தாம்!

அடுத்த கூட்டத்தில் இதே தீர்மானத்தை மறுபடி வைக்கிறேன். இந்த முறை ஓட்டெடுப்பு கேட்டு எழுத்திலேயே கொடுக்கப்போகிறேன். கூடக் கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் பெயர் சொல்லுங்கள்.