சாம்பல் வந்தால் விமானம் நிற்கட்டும், பயணியை யார் பார்ப்பது?

பக்கத்துத் தீவான ரீயூனியனில் எரிமலை குமுறுகிறது என்று செய்தி வந்தால் போதும், மொரீசியசில் நம் வாட்ஸாப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்ற ஆரம்பித்துவிடும். "யாரும் இந்த வாரம் விமானம் ஏறாதீர்கள், சாம்பல் இந்தப் பக்கம் வருகிறது." யார் பேசியது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் தெரியாது. உடனே எனக்கு போன் வரும். "அக்கா, மகன் பாரிசுக்குப் போகணும், டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிடலாமா?"

வேண்டாம். அவசரப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தாண்டி நான் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு இந்த அடிப்படை தெரிந்தாக வேண்டும்.

ரீயூனியனின் அந்த எரிமலை, பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், நமக்கு சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது. உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் குழம்பு இளகியது, அதைக் கெட்டியாக்கும் சிலிக்கா குறைவு. உள்ளே இருக்கும் வாயு அதிகம் முட்டி மோதாமல் வெளியேறிவிடும். குழம்பு ஆறாக ஓடும், வானத்துக்குச் சாம்பலைத் தள்ளுவது குறைவு. 2007 ஏப்ரலில் அதன் உச்சியிலுள்ள தொலோமியூ பள்ளத்தின் அடித்தளமே 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது, குழம்பு சாலையை அறுத்துக்கொண்டு கடலில் போய் விழுந்தது. அங்கே சாலை மூடுவது அடிக்கடி நடப்பது. வானம் மூடுவது அப்படியல்ல. மலையைக் கண்காணிக்க 1979-லிருந்து பூர்-முரா ஊரில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. இந்தப் பகுதி வானத்தில் சாம்பல் வந்தால் விமானங்களுக்கு எச்சரிக்கை கொடுப்பது பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள மையம். உலகில் மொத்தமே ஒன்பது மையங்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. குரல்பதிவை விட்டுவிட்டு அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

நாம் பயப்பட வேண்டியது வேறு வகை எரிமலைக்கு. குழம்பு கெட்டியாக, வாயு உள்ளேயே அடைபட்டு, ஒரேயடியாக வெடித்துச் சிதறுகிற வகை. அல்லது குழம்பு தண்ணீரையோ பனியையோ தொட்டுத் தூள்தூளாகிற வகை. அந்தத் தூளை நாம் சாம்பல் என்கிறோம், ஆனால் அது அடுப்புச் சாம்பல் இல்லை. பொடியான கல், பொடியான கண்ணாடி. மெதுவாகக் கையில் எடுத்தாலும் நறநறவென்று இருக்கும், தண்ணீரில் கரையாது.

இது ஜெட் எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும்? அந்தக் கண்ணாடிப் பொடி சுமார் 1,100 டிகிரி செல்சியசில் உருகும். எஞ்சினின் எரியறை அதைவிடச் சூடு. உள்ளே போன பொடி உருகி, கொஞ்சம் குளிர்ச்சியான பின்பக்கத் தகடுகளில் போய் ஒட்டி இறுகிவிடும், கரும்பாலைக் கொப்பரை ஓரத்தில் பாகு பிடித்துக்கொள்வதுபோல. காற்று போகும் வழி குறுகி எஞ்சின் மூச்சுத் திணறும், பிறகு அணைந்துவிடும். முன்கண்ணாடி தேய்ந்து மங்கிப்போகும். வேகம் அளக்கும் குழாய் அடைத்தால் விமானி பார்க்கும் எண்ணையே நம்ப முடியாது. இதில் பெரிய ஆபத்து, விமானத்தின் வானிலை ரேடாரில் இந்தச் சாம்பல் தெரிவதில்லை. அது மழைத்துளியைப் பார்க்கச் செய்த கருவி. நுண்ணிய உலர்ந்த தூள் அதற்குப் புலப்படாது. இரவாக இருந்தால் கண்ணுக்கும் தெரியாது.

1982 ஜூன் 24 இரவு அதுதான் நடந்தது. லண்டனிலிருந்து பம்பாய், கோலாலம்பூர் வழியாகப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747, ஜாவா தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்துவிட்டது. 37,000 அடி உயரத்தில் நான்கு எஞ்சினும் அணைந்தன. உள்ளே 248 பயணிகள். பல நிமிடங்கள் விமானம் வெறும் மிதவையாக இறங்கிக்கொண்டே வந்தது. சாம்பல் மேகத்தைவிட்டுக் கீழே வந்த பிறகு, அணைந்த எஞ்சின் ஆறி, ஒட்டியிருந்த கண்ணாடி உடைந்து உதிர்ந்து, எஞ்சின்கள் ஒவ்வொன்றாக மீண்டும் பிடித்தன. முன்கண்ணாடி வழியாக ஓடுபாதை சரியாகத் தெரியாத நிலையில் ஜகார்த்தாவில் இறக்கினார்கள். ஏழு வருடம் கழித்து, 1989 டிசம்பர் 15-ல், அலாஸ்காவில் ரிடௌட் எரிமலைச் சாம்பலில் கே.எல்.எம். விமானம் ஒன்றுக்கும் இதே கதி. அதிலும் நான்கு எஞ்சின், நான்கும் அணைந்து பிறகு பிடித்தன. விமானம் புத்தம் புதியது.

இரண்டிலும் எல்லாரும் உயிர் பிழைத்தார்கள். சாம்பல் மேகத்தில் மாட்டி எஞ்சின் நின்று பயணிகள் இறந்ததாக ஒரு விபத்து இதுவரை இல்லையே, பிறகு ஏன் இவ்வளவு பயப்படுத்துகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இல்லாமல் இருப்பதே நிறுத்துகிறவர்கள் நிறுத்துவதால்தான். விமானம் ரத்து என்று பலகையில் விழுந்தவுடன் கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் கத்தாதீர்கள். அந்த முடிவு உங்கள் உயிருக்காக எடுத்தது.

இப்போது 2010-க்கு வருகிறேன். அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்பு ஏப்ரல் 14. அதே நாள்தான் ஐஸ்லாந்தில் எய்யாஃப்யாட்லாயோகுட்ல் எரிமலை பனிப்பாளத்துக்கு அடியிலிருந்து வெடித்தது. உருகிய பனித்தண்ணீர் குழம்பைத் தொட்டு மாவுபோல் பொடியாக்கியது, காற்று அதை நேராக ஐரோப்பாவின் மேல் கொண்டுபோனது. ஏப்ரல் 15-லிருந்து கிட்டத்தட்ட ஒரு வாரம் வடக்கு ஐரோப்பாவின் வானம் பெரும்பாலும் மூடிக் கிடந்தது. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. ஒரு கோடிப் பயணிகள் பாதிப்பு. விமான நிறுவனங்களின் இழப்பு 170 கோடி டாலர் என்று அவர்களுடைய சங்கமே கணக்குச் சொன்னது. கென்யாவில் ஐரோப்பாவுக்காகப் பறித்த பூக்கள் அழுகிக் கொட்டப்பட்டன. எரிமலை எங்கே, பூத்தோட்டம் எங்கே.

இங்கே எங்கள் வீட்டில் வருடப்பிறப்புக்கு லண்டனிலிருந்து பெரியம்மாவும் அண்ணன் குடும்பமும் வந்திருந்தார்கள். கத்ர் போர்னில் வீடு நிறைய ஆட்கள். கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வடை பாயசத்தோடு சாப்பிட்டு, மறுநாள் பெட்டி கட்ட ஆரம்பித்தபோதுதான் செய்தி வந்தது. குழந்தைகளுக்கு முதலில் சந்தோஷம். பெரியம்மாவுக்கு மட்டும் முகம் மாறிவிட்டது. அவருக்கு இன்சுலின். கையோடு கொண்டுவந்தது பயண நாளுக்குத்தான் சரியாக இருந்தது. தினமும் சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திறந்து, வெண்ணெய் வைக்கும் தட்டிலிருந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி வைப்பார். எங்களிடம் எதுவும் சொல்லமாட்டார். அண்ணி கேட்டால், "இருக்கும்மா, இருக்கு" என்பார்.

அதே மருந்து இங்கே வேறு பெயரில் வந்தது, லண்டன் மருத்துவர் எழுதிய சீட்டு இங்கே செல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்த்து எழுதிக்கொடுத்தார். அண்ணன் இரண்டு முறை பிளேசான்ஸ் விமான நிலையத்துக்குப் போனார். கவுண்டரில் சொன்ன ஒரே பதில், "இணையதளத்தைப் பாருங்கள்." தொலைபேசி எண்ணை அழைத்தால் இசை மட்டும் ஓடியது. எங்கள் பெரியம்மாவுக்கு வீடு இருந்தது, சொந்தக்காரர்கள் இருந்தார்கள், எழுதிக்கொடுக்க மருத்துவர் கிடைத்தார். அண்ணன் வரிசையில் நின்றபோது பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. ஹோட்டலில் முன்பதிவு முடிந்துவிட்டது, அதே அறைக்கு இப்போது முழுக் கட்டணம் கேட்கிறார்களாம், கடன் அட்டை வரம்பு தீர்ந்துபோனதாம். அவர்களுக்கு யார் பொறுப்பு என்று அன்றைக்கு யாருமே வாய் திறக்கவில்லை.

இதைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். சாம்பல் விஷயத்தில் பொறியாளர்களும் வானிலைக்காரர்களும் 2010-க்குப் பிறகு நிறையக் கற்றுக்கொண்டார்கள். அதுவரை சாம்பல் இருந்தாலே பறக்காதே என்பதுதான் விதி. அந்த வாரத்திலேயே பிரிட்டன் அளவு வைத்துப் பார்க்க ஆரம்பித்தது: ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை பறக்கலாம் என்று. அடுத்த மாதமே நேர வரம்போடு 4 மில்லிகிராம் வரை அனுமதித்தார்கள். 2011 மே மாதம் ஐஸ்லாந்தில் கிரிம்ஸ்வோட்ன் வெடித்தது. அது முந்தையதைவிடப் பெரிய வெடிப்பு. ஆனாலும் ரத்தானவை சுமார் 900 விமானங்கள்தான். காற்று வீசிய திசையும் உதவியது, அளந்து முடிவெடுத்ததும் உதவியது. நல்ல வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நின்றுபோன பயணிக்கு என்ன செய்வது என்பதில் அந்த அளவு அக்கறை எல்லா இடத்திலும் வரவில்லை. எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று பாருங்கள், நம் தீவுக்கு அது சுடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 261 என்ற எண்ணுள்ள 2004-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. விமானம் ரத்தானால் உணவு, தங்குமிடம், அங்கே போய்வர வண்டி, தகவல் சொல்ல அழைப்பு, எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. டிக்கெட் பணம் திரும்ப வேண்டுமா, வேறு வழியில் அனுப்ப வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கு. 2010-ல் போர்ச்சுகலில் மாட்டிக்கொண்ட ஓர் ஐரிஷ் பெண்மணி தன் சாப்பாட்டுக்கும் அறைக்கும் ஆன செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். எரிமலை எங்கள் குற்றமா, இதற்கெல்லாம் வரம்பு வேண்டாமா என்றது நிறுவனம். 2013 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: எரிமலைச் சாம்பல் அசாதாரணச் சூழ்நிலைதான், ஆகவே நஷ்டஈடு கிடையாது. ஆனால் பயணியைக் கவனிக்கும் கடமை நீங்காது, அதற்கு நாள் வரம்பும் இல்லை, பண வரம்பும் இல்லை. நியாயமான, தேவையான செலவாக இருந்தால் போதும்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கிருந்து யார் எந்த நிறுவனத்தில் ஏறினாலும் இந்தச் சட்டம் காக்கும். நாற்பது நிமிடப் பறப்பில் இருக்கும் நம் தீவில்? பாரிசிலிருந்து இங்கே வரும்போது எந்த விமானமானாலும் காக்கும். இங்கிருந்து பாரிசுக்குப் போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே காக்கும். மற்ற விமானத்தில் ஏறினால் காக்காது. ஒரே எரிமலை, ஒரே சாம்பல், ஒரே நாளில் ரத்து, ரீயூனியனின் சென்-தெனியில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கைக்கு ஹோட்டல் அறை, எனக்கு இணையதள முகவரி. இது எந்த விதத்தில் நியாயம்?

"ஐஸ்லாந்து எப்போதோ ஒருமுறை" என்று சமாதானம் சொல்லாதீர்கள். 2025 நவம்பர் 23-ல் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹெய்லி குப்பி வெடித்தது. வரலாற்றில் வெடித்ததாகப் பதிவே இல்லாத மலை. சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரம் போய், செங்கடல் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக வட இந்தியா வரை வந்தது. இந்தியாவில் விமானங்கள் ரத்தாயின. நம் மக்கள் மருத்துவத்துக்கு இந்தியா போகிறார்கள், துபாய் வழியாக உலகமெங்கும் போகிறார்கள். அறுவை முடிந்து தையலோடு திரும்பும் ஒருவர் அப்படி நடுவழியில் நின்றால் என்ன செய்வார்? இன்னும் பக்கத்தில் கொமொரோசில் கர்த்தாலா இருக்கிறது. 2005-ல் இரண்டு முறை சாம்பல் கக்கி ஊர்களின் குடிநீர்த் தொட்டிகளைப் பாழாக்கிய மலை அது. நாம் ஐரோப்பாவுக்குப் பறக்கும் திசையில்தான் இருக்கிறது.

கண்டத்தில் இருப்பவர்களுக்கு விமானம் நின்றால் ரயில் உண்டு, பஸ் உண்டு. 2010-ல் ஆட்கள் டாக்சி பிடித்து நாடு நாடாகத் தாண்டிப் போனார்கள். தீவில் இருக்கும் நமக்கும் நம் விருந்தாளிக்கும் அந்த வழி இல்லை. ஆகவே நமக்குத்தான் மற்றவர்களைவிட வலுவான சட்டம் வேண்டும். மொரீசியசிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பயணிக்கும், நிறுவனம் எந்த நாட்டுடையதானாலும், உணவும் படுக்கையும் மாற்று வழியும் எழுத்தில் உறுதியாக வேண்டும். நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு விமான நிலையத்திலேயே ஒரு மருத்துவர், உள்ளூரில் செல்லும் மருந்துச்சீட்டு எழுதித்தர. செலவு கூடும், டிக்கெட் விலை கொஞ்சம் ஏறும் என்பார்கள். ஏறட்டும். எல்லாரும் கொஞ்சம் கொடுப்பது, நிற்பவர் மட்டும் முழுவதும் கொடுப்பதைவிட மேல். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் நாடு இது.

சட்டம் வரும்வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை: மருந்தைப் பயண நாளைவிட இரண்டு வாரம் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள், மருந்தின் வேதிப்பெயரோடு சீட்டு வாங்குங்கள், கடைக்காரருக்குப் பிராண்ட் பெயர் உதவாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது எரிமலைச் சாம்பல் சேர்த்தியா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விமானம் ரத்தானால் நீங்களாக டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள், நிறுவனம் ரத்து செய்யட்டும். தண்ணீர் பாட்டில் வாங்கினாலும் ரசீது வையுங்கள்.

எங்கள் தொகுதியின் மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இதையே பிரெஞ்சில் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். 2010-லோ 2025-லோ சாம்பலால் மாட்டிக்கொண்டு கைக்காசு செலவழித்தவர்கள் உங்களில் இருந்தால், பழைய ரசீதோ மின்னஞ்சலோ கிடைத்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். பெயரை மறைத்துவிட்டுக் கடிதத்தோடு இணைக்கிறேன்.