கிராட்டினஸின் மதுக்குடுவை

பழங்கிரேக்க நகைச்சுவை நாடகம் என்றதும் நம்மில் பெரும்பாலோர் அரிஸ்டோஃபனீஸின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அவருக்கு முந்தைய தலைமுறையில் ஏதென்ஸ் நகரின் மேடையை ஆண்ட கிராட்டினஸைப் பற்றிப் பேச்சு எழுவதே அரிது. எழுந்தாலும் 'பெருங்குடிகாரர்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு கிழவர் செய்த காரியம், இலக்கியச் சண்டைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தமான ஒன்று.

சாதாரண ஆளல்லர் அவர். விழாக்களில் நடந்த நாடகப் போட்டிகளில் ஒன்பது முறை முதற்பரிசு வென்றவர். ஏதென்ஸே அண்ணாந்து பார்த்த தலைவர் பெரிக்ளிஸின் நீண்ட மண்டையை 'நரிவெங்காயத் தலை ஜீயஸ்' என்று மேடையில் கிண்டலடித்தவர்.

கி.மு. 424இல் லெனாயா விழாவில் அரிஸ்டோஃபனீஸின் 'குதிரை வீரர்கள்' அரங்கேறியது. எழுதியவருக்கு அப்போது இருபது வயதைச் சற்றே தாண்டியிருக்கும். கோரஸ் எனப்படும் பாடகர் குழு நேராகப் பார்வையாளர்களிடம் பேசும் பகுதியில், ஓக் மரங்களையும் எதிரிகளையும் வேரோடு பிடுங்கிச் சென்ற வெள்ளமாக ஒரு காலத்தில் கிராட்டினஸ் இருந்தார் என்று முதலில் புகழ்ந்துவிட்டு, இப்போதோ முறுக்காணி கழன்று, சுருதி போய், மூட்டுவிட்ட பழைய யாழைப் போல உளறித் திரிகிறார், வாடிய மாலையும் வறண்ட தொண்டையுமாக அலைகிறார், பழைய வெற்றிகளுக்காகவாவது நகர விருந்து மண்டபத்தில் பொதுச்செலவில் அவரைக் குடிக்கவிட்டு, அரங்கில் நல்ல இருக்கை கொடுங்கள் என்று பரிந்து பேசுகிறது. வெறும் வசை என்றால் துடைத்துப் போட்டுவிடலாம். இரக்கத்தை என்ன செய்வது? இத்தனைக்கும் அதே போட்டியில் கிராட்டினஸின் நாடகமும் இருந்தது. இரண்டாம் இடத்தையும் பெற்றது.

அடுத்த ஆண்டு டயோனிசஸ் பெருவிழாவுக்கு அவர் கொண்டுவந்த நாடகத்தின் பெயர் 'புட்டினே', அதாவது பிரம்பு பின்னிய மதுக்குடுவை. (நம் 'புட்டி'யோடு ஒலி ஒத்துப்போவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.) கதையின் நாயகன் கிராட்டினஸேதான். அவருடைய மனைவியின் பெயர் நகைச்சுவை. கணவர் தன்னை மறந்து 'போதை' என்பவளோடு காலம் கழிக்கிறார் என்று அவள் வழக்குத் தொடுத்துப் பிரியப் பார்க்கிறாள். நண்பர்கள் வந்து அவசரப்படாதே என்று கெஞ்சுகிறார்கள். மெண்டே ஊரின் இளம் மது கண்ணில் பட்டால் போதும், 'அடடா, என்ன மென்மை, என்ன வெண்மை, மூன்று பங்கு தண்ணீர் தாங்குமா?' என்று கேட்டபடி அதன் பின்னாலேயே போய்விடுகிறார் என்பது அவள் குறை. பருவப் பெண்ணின் பின்னால் அலையும் கிழவனைப் பற்றிப் பேசும் பேச்சு இது. தண்ணீர் கலந்தே மது அருந்திய கிரேக்கர்களுக்கு அந்தக் கேள்வியின் குறும்பு உடனே பிடிபட்டிருக்கும்.

இந்த நாடகத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இன்னொரு துண்டில் ஒருவர் அலறுகிறார்: அப்போலோவே, என்ன சொல்வெள்ளம் இது, வாயில் பன்னிரண்டு ஊற்று, தொண்டையில் இலிசஸ் ஆறு, யாராவது அடைக்காவிட்டால் ஊரையே கவிதையில் மூழ்கடித்துவிடுவார்! வற்றிப்போனதாக இளையவர் இரங்கிய அதே வெள்ளம்தான் இது. குடிக்கவில்லை என்று அவர் ஓரிடத்திலாவது மறுத்திருந்தால் தோற்றிருப்பார் என்று நினைக்கிறேன். மறுக்காமல், எதிரி கொடுத்த வேடத்தைத் தானே மாட்டிக்கொண்டு அவனைவிட நன்றாக ஆடிக்காட்டினார்.

முதற்பரிசு 'மதுக்குடுவை'க்குக் கிடைத்தது. அமைப்சியஸ் என்ற இன்னொரு நாடகாசிரியர் இரண்டாவது. சாக்ரடீஸைக் கேலி செய்த, இன்று உலகமெங்கும் படிக்கப்படும் அரிஸ்டோஃபனீஸின் 'மேகங்கள்' கடைசி இடத்துக்குப் போனது. அந்த வலி அவருக்கு ஆறவேயில்லை. பிற்பாடு திருத்தி எழுதிய வடிவத்தில், மட்டமானவர்களிடம் தோற்றேன் என்று பார்வையாளர்களையே கடிந்துகொள்கிறார்.

வென்ற நாடகம் அழிந்துபோனது, துண்டுகளே மிச்சம். தோற்றது முழுதாக நம் கையில் இருக்கிறது. 'மதுக்குடுவை'யின் கதை நமக்குத் தெரியவந்த வழியும் விசித்திரமானது. 'குதிரை வீரர்கள்' நாடகத்தில், 'உன்னை நான் வெறுக்காவிட்டால் கிராட்டினஸ் வீட்டு ஆட்டுத்தோல் விரிப்பாகப் போகக் கடவேன்' என்று ஒரு வரி வருகிறது. படுக்கையை நனைக்கும் குடிகாரக் கிழவர் என்று குத்துகிறார்கள். அந்த வரிக்குப் பழைய உரைகாரர் ஒருவர் எழுதிய ஓரக்குறிப்பில்தான், கிழவர் சொன்ன பதிலின் கதை பிழைத்திருக்கிறது.