காயுவின் வீடும் தியோத்திரேப்புவின் சபையும்

காயுவைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் யோவானின் மூன்றாம் நிருபத்தில் இருக்கிற சில வரிகள்தான். ஒரே அதிகாரம், சில நிமிடங்களில் வாசித்துவிடலாம். பிரசங்கங்களில் அதிகம் வராத நிருபம் இது. வந்தாலும் "உன் ஆத்துமா வாழ்கிறதுபோல" என்ற இரண்டாம் வசனத்தை மட்டும் எடுத்து ஆசீர்வாதச் செய்தியாக்கிவிடுகிறோம். அந்தக் கடிதம் எழுதப்பட்ட காரணம் வேறு. வீட்டுக் கதவைத் திறந்து வைத்த ஒருவரைப் பாராட்டவும், அதை மூடி வைத்த தியோத்திரேப்பு என்ற ஒருவரைக் கண்டிக்கவும் எழுதப்பட்டது அது.

"பிரியமானவனே, நீ சகோதரருக்கும் அந்நியருக்கும் செய்கிற யாவற்றையும் உண்மையாய்ச் செய்கிறாய்" என்கிறார் மூப்பர்; கடிதத்தை எழுதியவர் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார். காயு பிரசங்கம் செய்ததாக அதில் ஒரு வார்த்தை இல்லை. ஊர் ஊராகப் போன சகோதரர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார், அடுத்த பயணத்துக்கு வேண்டியதைச் செய்தார். அவர்கள் புறஜாதியாரிடம் ஒன்றும் வாங்காமல் புறப்பட்டவர்கள். அன்றைய சத்திரங்களுக்கு நல்ல பெயர் கிடையாது. சபைக்கென்று தனிக் கட்டிடமும் இல்லை. விசுவாசிகளின் வீடுகள் திறந்திருக்காவிட்டால் அந்த ஊழியம் பாதி வழியிலேயே நின்றிருக்கும். அதனால்தான் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கிற நாமும் "சத்தியத்திற்கு உடன்வேலையாட்கள்" ஆகிறோம் என்று எழுதுகிறார். வசனம் சொன்னவரும் அவருக்குப் படுக்கை விரித்தவரும் ஒரே வேலையைச் செய்தவர்கள்.

நம்மிடையே இது ஒரு சுபாவமாக மட்டும் பார்க்கப்படுவது எனக்கு வருத்தம். "அவங்களுக்கு அந்தக் குணம் உண்டு, எனக்கு வராது" என்று எளிதாகச் சொல்லி ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் சபையை நடத்துகிற கண்காணிக்கு இருக்க வேண்டிய தகுதிகளை 1 தீமோத்தேயு 3-ல் பவுல் எழுதும்போது, போதிக்கிற திறமைக்கு ஒட்டினாற்போல் அந்நியரை உபசரிப்பதையும் வைக்கிறார். போதகரைத் தேடும்போது முதலாவதைத் துருவித் துருவிக் கேட்கிறோம். இரண்டாவதை யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, தியோத்திரேப்புவுக்கு வருவோம். இவர்மேல் மூப்பர் வைக்கிற குற்றச்சாட்டுகளைக் கவனமாக வாசியுங்கள். கள்ள உபதேசம் என்று எங்கும் இல்லை. முதன்மையாயிருக்க விரும்புகிறான், பொல்லாத வார்த்தைகளைப் பேசுகிறான், சகோதரரை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்ள மனதாயிருக்கிறவர்களையும் தடுக்கிறான், அவர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளுகிறான். தன் வீட்டுக் கதவை மூடியதோடு நிற்காமல், மற்றவர்களுடைய வீட்டுக் கதவுகளையும் தானே மூடப் பார்த்தவர் அவர். யார் வீட்டுக்கு யார் வரலாம் என்பதைக் கையில் வைத்துக்கொண்டால் சபை முழுவதையும் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இது பழைய கதை இல்லை. ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டால், அல்லது நிர்வாகத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், "அவர்களோடு ஐக்கியம் வேண்டாம்" என்று மேலிருந்து ஒரு சொல் வருகிறது. ஆண்டுக்கணக்காக ஒரே பந்தியில் அப்பம் பிட்டவர்கள் மறுநாள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இப்படி நடக்கிற சபைகளை நான் அறிவேன். கேட்டால் யோவானின் இரண்டாம் நிருபத்தைக் காட்டுவார்கள்: "அவனை உங்கள் வீட்டிலே ஏற்றுக்கொள்ளாமல்..." என்று. அந்த எல்லை உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வசனத்துக்கு மேலே என்ன இருக்கிறது? மாம்சத்தில் வந்த இயேசு கிறிஸ்துவை அறிக்கைபண்ணாத வஞ்சகரைப் பற்றிய எச்சரிக்கை. வேறு உபதேசத்தைச் சுமந்து வருகிற போதகனுக்கு வைத்த வேலியைக் கொண்டுவந்து, கணக்குக் கேட்ட சகோதரன்மேல் போடுவது அநியாயம்.

உண்மையுள்ள உபசரிப்பு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் லீதியாளைச் சொல்வேன். ஞானஸ்நானம் பெற்றவுடன், பவுலையும் கூட வந்தவர்களையும் பார்த்து, "நீங்கள் என்னைக் கர்த்தரிடத்தில் விசுவாசமுள்ளவளென்று எண்ணினால், என் வீட்டிலே வந்து தங்கியிருங்கள்" என்று வருந்திக் கேட்டுக்கொண்டாள். இது அப்போஸ்தலர் 16-ன் நடுவில். அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் பாருங்கள். பவுலும் சீலாவும் அடிபட்டு, சிறையில் கிடந்து, ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்டு வெளியே வருகிறார்கள். நேராகப் போனது லீதியாளின் வீட்டுக்கு. சகோதரர்கள் அங்கேதான் கூடியிருந்தார்கள். முதல் தடவை அவள் வீட்டுக்கு வந்தது மதிப்புக்குரிய போதகர்கள். இரண்டாம் தடவை வந்தது ஊரே வேண்டாம் என்று சொன்ன ஆட்கள். இரத்தாம்பரத் துணி விற்கிற பெண், அந்த ஊரில் வியாபாரம் செய்து பிழைக்க வேண்டியவள். அவள் இரண்டாம் தடவையும் கதவைத் திறந்தாள், எனக்கு அதுதான் பெரிது.

உபசரியுங்கள் என்பதோடு பேதுரு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்: முறுமுறுப்பில்லாமல். விருந்தாளி வந்தால் வேலை கூடும், தூக்கம் குறையும், செலவாகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் அழைக்கிறவர் ஒருவர், சமையலறையில் நிற்கிறவர் வேறொருவர். அழைத்தவர் முன்னறையில் உட்கார்ந்து வேதம் பேசிக்கொண்டிருக்க, மனைவி கடைசிவரை உட்கார முடியாமல் போனால், அந்த முறுமுறுப்புக்குக் காரணம் மனைவி இல்லை. பாத்திரம் கழுவுவதும் உபசரிப்பு என்று ஆண்கள் எடுத்துக்கொண்டால் பல வீடுகளின் கதவுகள் தானாகத் திறக்கும்.

விருந்தாளிக்கும் உண்மை வேண்டும். ஆதிச் சபையின் டிடாக்கே என்ற கையேட்டில் இதற்கு ஒழுங்கே இருக்கிறது. காலங்காலமாகத் தொலைந்துபோயிருந்த அந்த நூலின் கைப்பிரதி 1873-ல் கிடைத்து, 1883-ல் அச்சானது. வருகிற ஊழியர் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு. மூன்றாம் நாளும் தங்கினால், அல்லது பணம் கேட்டால், அவர் கள்ளத் தீர்க்கதரிசி. சாதாரணப் பயணி இரண்டு மூன்று நாள் இருக்கலாம், அங்கேயே குடியேற நினைத்தால் உழைத்துச் சாப்பிடட்டும். கடுமையாகத் தோன்றலாம். ஏமாந்தவர்கள் எழுதியது அது, ஆனாலும் கதவை மூடச் சொல்லவில்லை.

இன்றைக்கு விருந்தாளிகளிடம் நான் அதிகம் பார்க்கிற துரோகம் நாக்கில் நடக்கிறது. ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்களுடைய கடனையும் பிள்ளைகளின் பிரச்சினையையும் கேட்டறிந்து, அப்புறம் அதை ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் நாலு பேருக்குச் சொல்வது. ஒருமுறை இப்படிக் காயப்பட்ட குடும்பம் மறுபடி யாரையும் உள்ளே விடாது. காயுவின் வீட்டில் தங்கியவர்கள் சபைக்கு முன்பாகச் சொன்னது அவருடைய அன்பை மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. விசுவாசத்துக்கு வந்ததால் வீட்டைவிட்டுத் தள்ளப்பட்டவர்கள் எல்லாத் தேசத்துச் சபைகளிலும் உண்டு. மாற்கு 10-ல் இயேசு அவர்களுக்குக் கொடுத்த வாக்கு தெளிவாக இருக்கிறது: தம்மினிமித்தம் வீட்டையும் சகோதரரையும் தாயையும் விட்டவன் இம்மையிலே நூறத்தனையாக வீடுகளையும் சகோதரரையும் தாய்களையும் அடைவான். அந்த நூறு வீடுகள் எங்கிருந்து வரும்? நம்முடைய வீடுகள்தான் அவை. ஞானஸ்நான நாளில் கைதட்டி வரவேற்றுவிட்டு, காய்ச்சலில் கிடக்கும்போதும் வேலை போன மாதத்திலும் அந்தத் தம்பிக்குப் போக ஓர் இடம் இல்லையென்றால், இயேசு கொடுத்த வாக்கை அவன் எப்படி நம்புவான்? மூப்பர்கள் கூடும்போது கட்டிடக் கணக்கை எடுப்பதற்கு முன்னால், இப்படிப்பட்டவர்களைப் பேர் பேராகச் சொல்லி, இவன் எந்த வீட்டுப் பிள்ளை, இவள் எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரியுங்கள். பதில் வராத பேர் இருந்தால், அதை முடிவு செய்யாமல் கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.